யூதர்கள் ஏன் முன்பே கிளம்பவில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் யூதர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஹிட்லர் 1933-இல் பதவிக்கு வந்தார், கூட்டக் கொலைகள் 1941-இல் தொடங்கின. நடுவில் எட்டு ஆண்டுகள் இருந்தும் அவர்கள் ஏன் தப்பிப் போகவில்லை? அப்புறம், இதெல்லாம் முதல் நாளே போட்ட திட்டம்தானா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் முதல் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் செத்தவர்கள் மேலேயே பாதிப் பழியைப் போட்டுவிடும் கேள்வி அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அவர்கள் போனார்கள். 1933-இல் ஜெர்மனியில் இருந்த யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. 1939 செப்டம்பரில் போர் மூள்வதற்குள் அவர்களில் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டார்கள். எஞ்சியவர்களில் பெரும்பகுதி வயதானவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டுத் தங்கிப்போனவர்கள் பலர்.

போவதும் லேசான காரியமாக இல்லை. வெளியேறு என்று விரட்டிய அதே அரசு, வெளியேறும்போது சொத்தில் கால்பங்கை வரியாகப் பிடுங்கியது. மிச்சத்தை வெளிநாட்டுப் பணமாக மாற்றப் போனால் அதிலும் பெரும்பகுதி கரைந்தது. கையில் காசில்லாமல் வருகிறவரை எந்த நாடு ஏற்கும்? 1938 ஜூலையில் பிரான்சின் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசின. அநேகமாக எல்லோரும் அனுதாபப்பட்டார்கள், கதவை யாரும் அகலத் திறக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, நவம்பரில், ஜெர்மனியில் யூதர்களின் ஜெபக்கூடங்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்கு 100 கோடி மார்க் அபராதம், அடிபட்டவர்களுக்கே! அவர்களுக்கு வரவேண்டிய காப்பீட்டுப் பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று, விலக்குகள். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் வந்தபோது, முதல் உலகப் போரில் முன்னணியில் நின்றவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அதிபர் ஹிண்டன்பர்க் கேட்டுக்கொண்டதால் கிடைத்த சலுகை அது. சட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு, நம்மை விட்டுவிடுவார்கள் என்று அவர்கள் நம்பியது இயற்கைதானே. 1935 முடிவதற்குள் அதுவும் போய்விட்டது. அதே ஆண்டு வந்த நியூரம்பெர்க் சட்டங்களும் அவற்றின் துணை ஆணையும் தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் நீயும் யூதர் என்றன. ஞானஸ்நானம் வாங்கியவரும் தப்பவில்லை. யார் யூதர் என்று ஆவணத்தில் முடிவான பிறகு, அடுத்து வந்த ஒவ்வொரு அலுவலகமும் அந்தப் பட்டியலை வைத்தே வேலை செய்தது.

சரி, இரண்டாவது கேள்வி. வரலாற்றாசிரியர்கள் இதைப் பல காலம் விவாதித்திருக்கிறார்கள். வெறுப்பு முதல் நாளே இருந்தது, கொலைத் திட்டம் அன்று இருக்கவில்லை என்பது என் முடிவு. 1940 கோடையில்கூட யூதர்களை மடகாஸ்கர் தீவுக்குக் கப்பலில் அனுப்புவது பற்றிப் பெர்லினில் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு கொலை வரை எப்படிப் போனார்கள்? அந்த அரசு தன் கையாலேயே ஒரு நெருக்கடியை உண்டாக்கும், பிறகு அதையே காரணம் காட்டி அதைவிடக் கொடியதைச் செய்யும்.

இதற்கு வூட்ஜ் நகரத்தைப் பாருங்கள். ஜெர்மனி அப்போது பிடித்து வைத்திருந்த போலந்தில் இருந்தது. 1940-இல் அங்கே 1,60,000-க்கும் மேற்பட்ட யூதர்களை ஒரு மூலையில் அடைத்து வேலி போட்டார்கள். உணவு போதாமல் பட்டினி வந்தது, நோயும் வந்தது. 1941 ஜூலை 16-ஆம் தேதி, அந்தப் பகுதியின் தலைநகரான போஸெனில் இருந்த, ஹிட்லர் கட்சியின் படையான எஸ்.எஸ்.ஸின் அதிகாரி ஹோப்னர், யூதர்களை நாடுகடத்தும் வேலையைப் பெர்லினில் கவனித்துவந்த ஐக்மனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வரும் குளிர்காலத்தில் எல்லோருக்கும் சோறு போட முடியாமல் போகலாம், வேலைக்கு லாயக்கற்றவர்களைச் சீக்கிரம் வேலை செய்யும் ஏதாவதொன்றால் முடித்துவிடுவதே மனிதாபிமானமான வழியாக இருக்குமோ என்று அதில் கேட்கிறார். உணவை நிறுத்தியவர்களே எழுதியது இது. எத்தனை முறை படித்தாலும் அந்த ‘மனிதாபிமானம்’ எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று, வூட்ஜுக்கு வடமேற்கே ஹெல்ம்னோ கிராமத்தில், மூடிய வண்டிக்குள் நச்சுப்புகை விட்டுக் கொல்வது தொடங்கியது. அதை நடத்திய ஹெர்பர்ட் லாங்கே, அதற்கு முன் மனநோயாளிகளை விஷவாயுவால் கொன்று பழகியவர். 1942 ஜனவரி 16 முதல் வூட்ஜ் யூதர்களையும் அங்கே கொண்டுபோனார்கள். பெர்லினை ஒட்டிய வான்ஸேயில் அதிகாரிகள் கூடிய மாநாட்டில்தான் எல்லாம் முடிவானது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஜனவரி 20-இல்தான் நடந்தது. 15 அதிகாரிகள் அங்கே கூடியது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கொலையை ஐரோப்பா முழுதுக்கும் விரித்து ஒருங்கிணைக்க.

உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. 1941 அக்டோபரில் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கே தடை வந்தது. அதே மாதம் யூதர்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியிலிருந்து கிழக்கே ரயில்கள் கிளம்பின. எல்லை தாண்டிய யூதரின் குடியுரிமை ரத்தாகும், சொத்து அரசுக்குப் போகும் என்று நவம்பர் 25-ஆம் தேதி ஆணை சொன்னது. ரயிலில் ஏற்றி எல்லை தாண்ட வைத்ததும் அதே அரசுதான். அவர்களுடைய மேசை நாற்காலிகளை ஏலத்தில் எடுத்தவர்களில் அதே ஊர்க்காரர்களும் உண்டு.

சோவியத் பகுதிகளில் நடந்ததை இங்கே தொடவே இல்லை. உக்ரைனின் கீவ் நகருக்கு அருகே பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டதாகக் கொன்றவர்களே கணக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.