அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி ஏன் குறைகிறது? தேய்த்தால் சில சமயம் கூடுவது ஏன்?

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மாசி, பங்குனியில் வாசலெல்லாம் புளிதான். அம்மா கல்லின் மேல் புளியை வைத்து, சின்ன சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார். எப்போதாவது அடி விரலில் விழும். ‘ஸ்ஸ்’ என்று விரலை இறுக்கித் தேய்ப்பார். கொஞ்ச நேரத்தில் அடுத்த புளி கல்லின் மேல் இருக்கும்.

தொடுதலைச் சொல்லும் தடித்த நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் ஓடும். அடிபட்ட பிறகு மெல்ல வரும் எரிச்சல் வலிக்கு வேறு மெல்லிய இழைகள். அவற்றில் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான். இரண்டும் தண்டுவடத்தின் பின்பக்கத்துக்கு வந்து சேர்கின்றன. வலியை அடக்கும் குட்டி நரம்பு செல்கள் அங்கே இருக்கின்றன. தேய்க்கும்போது தொடு நரம்புகள் அவற்றைத் தூண்டிவிடுவதால், மூளைக்கு ஏறும் வலி குறைகிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதை வலியை உள்ளே விடும் அல்லது தடுக்கும் ஒரு கதவு என்று விளக்கினார்கள். நுணுக்கங்கள் பிறகு மாறின. அடக்கும் செல்கள் உண்டு என்பது நிலைத்துவிட்டது.

சரி, அந்தக் கதவே பழுதானால்? அம்மாவுக்கு இடது தோளில் அக்கி வந்தது. காவி பூசி அக்கி எழுதினோம். கொப்புளம் காய்ந்து நான்கு மாதம் ஆன பிறகும் சேலை பட்டால் துடித்தார். முந்தானையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஃபேன் காற்றுகூட ஆகவில்லை. “காத்து பட்டா வலிக்குமா?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவார்.

வலிக்கும். அக்கியை உண்டாக்கும் வைரஸ் நரம்பைச் சேதப்படுத்தினால் தண்டுவடத்தில் அந்த அடக்கும் செல்களின் பிடி தளரலாம். தொடுதல், வலிக்கான பாதைக்குள் புகுந்துவிடும். எலிகளில் இந்தச் செல்களை முடக்கினாலே சாதாரணத் தொடுதலுக்குக் காலை உதறுகின்றன. அந்த நிலையில் தேய்ப்பது வலியைக் கூட்டத்தான் செய்யும். மருத்துவர் தந்த ப்ரீகாபலின் மாத்திரை, தண்டுவடத்தில் வலி நரம்புகள் வெளிவிடும் வேதிப்பொருளைக் குறைப்பது. சில வாரங்களில் அம்மாவுக்குத் தூக்கம் வந்தது.

வீட்டில் யாருக்காவது அக்கி கண்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வைரஸை அடக்கும் மாத்திரையை அதற்குள் தொடங்குவதுதான் நல்லது. நாங்கள் ஆறாம் நாள் போனோம்.