அந்தத் தோலை எடுத்தது யார்?

கேள்வி: எனக்கு வயது 27. சென்னையில் மென்பொருள் வேலை. ஓராண்டாகப் பறை கற்கிறேன். ஊர் வீட்டுப் பரணில் தாத்தாவின் பறை வெறும் சட்டமாகக் கிடந்தது. தோல் இல்லை, விளிம்பு சுத்தமாகத்தான் இருந்தது. புதுத் தோல் போட்டு வாசித்து, ஊர்ப் பெயரோடு 'எங்கள் பரம்பரை' என்று வீடியோ வெளியிட்டேன். அன்றிலிருந்து அப்பா பேசுவதில்லை. பெரிய அத்தையும் அவர் பக்கம். பறை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று சொல்லியும் பயனில்லை. தங்கை கல்யாணத்தில் எங்கள் குழு வாசிக்க ஆசைப்படுகிறேன். அப்பாவின் தாழ்வு மனப்பான்மையை எப்படிப் போக்குவது?

பதில்: தம்பி, தொல்காப்பியம் கருப்பொருள்களில் பறையைச் சொல்வது உண்மை. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் உண்மை. இரண்டுமே உங்கள் அப்பாவுக்குப் பதில் ஆகாது. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன்: விளிம்பு சுத்தமாக இருந்தது.

பறைத் தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டுச் சட்டத்தின் விளிம்பில் ஒட்டுவார்கள். எலி கடித்தாலும் ஓதத்தில் மக்கினாலும் பெரும்பாலும் நடுவில்தான் போகும். பசை பிடித்த ஓரத்தில் துண்டு துண்டாகத் தோல் காய்ந்து ஒட்டியிருக்கும். சுத்தமாக இருந்தது என்றால், யாரோ தண்ணீரில் ஊறவைத்து, உரித்து, பசையையும் சுரண்டியிருக்க வேண்டும். புதுத் தோல் மாற்றும்போதும் அப்படித்தான் செய்வார்கள். இங்கே புதுத் தோல் ஏறவில்லை. சட்டம் அடுப்புக்கும் போகவில்லை, பரணுக்குப் போயிருக்கிறது. தாத்தாவோ அப்பாவோ யோசித்துச் செய்த காரியமாகவே எனக்குப் படுகிறது. ஒரு வார்த்தை கேட்காமல் அதன்மேல் தோலைப் போட்டுவிட்டீர்கள்.

பறையடிக்கும் குடும்பத்தார், ஊரில் சாவு விழுந்தால் கேதம் (சாவுச் செய்தி) சொல்ல அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடக்க வேண்டும். பிணம் எடுக்கும்வரை தெருவில் நின்று அடிக்க வேண்டும், சுடுகாடுவரை முன்னால் போக வேண்டும். மாட்டேன் என்றால் கூலி வேலை நிற்கும், அடியும் விழும். காட்டுமன்னார்கோவில் பக்கத்துத் தலித் தலைவர் எல். இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லிப் போராடியது இதனால்தான். அடித்தவர்கள் மட்டும்தான் உங்கள் பரம்பரையா? இனி அடிக்கமாட்டோம் என்றவர்கள் யார்? உங்களைப் படிக்கவைத்தவரின் மறுப்பைத் தாழ்வு மனப்பான்மை என்று எழுத எப்படி மனம் வந்தது?

பறையை விடச் சொல்லவில்லை. விரும்பி, மரியாதையோடு வாசிப்பது நல்லது என்பதே என் எண்ணமும். ஆனால் வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அப்பாவுடன் வேலை பார்த்தவர்கள், வீட்டுக்காரர், சம்பந்தி வீட்டார் என்று யார் யாரிடம் எதைச் சொல்வது என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. ஊர்ப் பெயரைப் போட்டு நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்து, கல்யாணம் தங்கையுடையது. அவள் விருப்பம் என்னவென்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

பயிற்சிக்கு வேறு பறை வாங்குங்கள். ஃபைபர் தோல் போட்டது போதும். மழைக்காலத்தில் தொய்யாது, நெருப்பில் காய்ச்சவும் வேண்டாம். தாத்தாவின் பறையில் போட்ட தோலை நீங்களாகப் பிரிக்காதீர்கள், அதையும் அப்பாவைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஃபோனில் பேசாமல் ஊருக்கே போங்கள். பறையை எடுத்துக்கொண்டு போங்கள், குச்சிகள் இரண்டும் சென்னையிலேயே இருக்கட்டும். கேட்காமல் செய்தது தப்பு என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு ஒரே கேள்வி: தோலை எடுத்தது யார்? அவர் வாய் திறக்காவிட்டால் துருவாதீர்கள், இன்னொரு நாள் பெரிய அத்தையிடம் கேளுங்கள். யார் பேசினாலும் ரெக்கார்டு செய்யாதீர்கள். பறை இங்கேயே இருக்கட்டும் என்று அப்பா சொன்னால், மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டு வாருங்கள். அது அவருடைய அப்பாவின் பொருள், உங்கள் முறை அவருக்குப் பிறகுதான்.