உப்பு காய்ச்சும் அடுப்புக்கு மாற்று எரிபொருள்: கேள்வி பதில்

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, பெனின் நாடுகளின் கடலோரப் பெண்கள், கோடையில் உவர்மண்ணைச் சுரண்டிக் கூடையில் இட்டு, நீர் ஊற்றி வடித்து, அந்த உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். விறகுக்காக அலையாத்திக் காடுகள் வெட்டப்படுவதால், அந்த அடுப்புகளைத் திருத்துவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: விறகுக்குப் பதிலாக நெல் உமியை எரித்தால் போதாதா?

பதில்: அதே அடுப்பில் போட்டால் போதாது. உமி குவிந்து கிடந்தால் உள்ளே காற்று புகாது. எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே தங்கிவிடும். ஆகவே, உமி மேலிருந்து சிறிது சிறிதாகச் சரிந்து எரியும்படி படிப்படியான சாய்ந்த இரும்புத் தட்டும், கீழே சாம்பல் குழியும், காற்றை இழுக்கும் புகைபோக்கியும் தேவை. புகைபோக்கிக்குப் போகும் வழியில் உவர்நீர் நிரப்பிய இரண்டாவது காய்ச்சும் தட்டத்தை வைத்தால், வீணாகும் வெப்பத்திலேயே அடுத்த உவர்நீர் சூடாகிவிடும்.

எனினும் எரிபொருளைவிட உவர்நீரின் செறிவே பெரிது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 10 சதவீத உவர்நீரில் ஒரு கிலோ உப்புக்கு 9 கிலோ நீரை விரட்ட வேண்டும். 20 சதவீதமானால் 4 கிலோ போதும். அடுப்பைத் தொடாமலேயே எரிபொருளில் பாதிக்கு மேல் மிச்சமாகிறது.

கேள்வி: பழைய டயர், பிளாஸ்டிக் கழிவு இலவசமாகக் கிடைக்கிறதே?

பதில்: கூடவே கூடாது. திறந்த தட்டத்தில் புகையும் கரியும் நேரே உப்பில் படியும், பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். அந்த உப்பைக் குழந்தைகளும் உண்பார்கள்.

கேள்வி: தார்ப்பாயில் வெயிலிலேயே உப்பு விளைகிறது. அடுப்பைத் திருத்துவதே வீண் வேலை அல்லவா?

இன்னொருவர் இதை மறுத்து, "வெயிலுப்பு பருவட்டாக இருக்கும், சந்தையில் காய்ச்சிய பொடியுப்பைத்தான் கேட்கிறார்கள். தார்ப்பாய்க்கும் பணம் வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. பிரான்சின் கெராந்து உப்பளத்தார் முன்னின்று கினியில் பரப்பிய தார்ப்பாய் முறை காட்டைக் காப்பதால், அது முடிகிற இடத்தில் நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் விற்காத உப்பை எவரும் தொடர்ந்து விளைவிக்க மாட்டார்கள். வெயிலையும் நெருப்பையும் எதிரிகளாக்காமல், வடித்த உவர்நீரைத் தார்ப்பாயில் செறிவாக்கி, கடைசிக் கட்டத்தை மட்டும் அடுப்பில் முடிக்கலாம். பொடியுப்பும் கிடைக்கும், விறகும் பெருமளவு குறையும்.

கேள்வி: தூத்துக்குடியிலும் இப்படிக் காய்ச்சலாமா?

பதில்: தேவையில்லை. அங்கே வெயிலே விளைவிக்கிறது.

கேள்வி: பிளாஸ்டிக்கைக் கொஞ்சமாக, உமியோடு கலந்து எரித்தால்?

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். அளவு குறைந்தாலும் என் பதில் மாறாது.

கேள்வி: அயோடின் எப்போது சேர்ப்பது?

பதில்: காய்ச்சி முடித்து, நீர் வடிந்த பிறகு, பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்து நன்றாகக் கலக்க வேண்டும். கொதிக்கும் உவர்நீரில் ஊற்றினால் ஒரு பகுதி அடியில் எஞ்சும் நீரோடு போய்விடும்.

கேள்வி: கருவி இல்லாமல் செறிவை எப்படி அறிவது?

பதில்: எண்ணெய்ப்பனைக் கொட்டையை உவர்நீரில் போட்டுப் பார்ப்பது பெனின் பெண்களின் பழைய சோதனை. மூழ்கினால் அந்த நீரைப் புதிய உவர்மண்ணில் மறுபடியும் ஊற்றி வடியுங்கள். மிதந்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.