இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் நடத்திய திருகோணமலைக் குண்டுவீச்சு எந்தப் போரரங்கில் (போர் நடந்த பெரும்பரப்பில்) சேரும்?

பசிபிக் பத்தியில் போடாதீர்கள். முல்லைத்தீவு மாணவர்களுக்காக நீங்கள் செய்யும் அட்டவணையில் 1942 ஏப்ரல் 5 கொழும்பும் ஏப்ரல் 9 திருகோணமலையும் இந்து சமுத்திரப் போரரங்கில்தான் வரும். இரண்டும் ஒரே படை நடவடிக்கை, தனித்தனிச் சமராகப் பிரிக்க வேண்டாம்.

குழப்பத்துக்கு ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோ காரணமாக இருக்கலாம். பசிபிக்கில் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி, அங்கே போன ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்தோடு இங்கேயும் வந்தார். ஆனால் அரங்கைப் பிரிப்பது எந்தக் கடல், என்ன நோக்கம், எதிரே யாருடைய கட்டளை என்பவைதான்.

சரிபார்க்க, வரைபடத்தில் பிரித்தானிய விமானந்தாங்கி ஹெர்மிஸ் ஏப்ரல் 9 அன்று மூழ்கிய இடத்தில், மட்டக்களப்புக்கு அப்பால், பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தக் கடல் அன்று பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் பொறுப்பு.

ஒன்றில் மட்டும் கவனம்: நேச நாடுகளின் கூட்டுப் படைத் தலைமையான தென்கிழக்காசியக் கட்டளையகம் 1943இல்தான் உருவானது. 1944இல் வவுனியா ஓடுதளத்தில் நின்ற பிரித்தானிய விமான அணிகளுக்கு அந்தப் பெயர் பொருந்தும், 1942க்குப் பொருந்தாது.