பிறக்கப்போகும் குழந்தைக்குத் தனி அறை தேவையா?

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாதம். எங்கள் வீட்டில் இருப்பவை இரண்டே அறைகள். அவற்றில் ஒன்றைக் குழந்தைக்கென ஒதுக்கி, வண்ணம் பூசி, மெத்தை, தலையணை, பொம்மைகள் எல்லாம் வாங்கிவிட வேண்டும் என்று கணவர் பரபரக்கிறார். பிரசவத்துக்குள் வீட்டில் எவற்றை அவசியம் மாற்ற வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவரின் ஆர்வம் பாராட்டத்தக்கது, ஆனால் முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தைக்குத் தனி அறை வேண்டியதில்லை. பெற்றோர் உறங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாந்த நிலையில் உறங்கவைப்பதே பாதுகாப்பானது என்று குழந்தைநல மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். அந்தப் படுக்கை அமுங்காததாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். தலையணை, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை ஆகியவை முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும் என்பதால் அவற்றுக்கு அங்கே இடமில்லை. ஆக, வாங்கவிருந்த பட்டியலில் பாதி இப்போதே குறைந்துவிட்டது! வண்ணம் பூசியே தீர வேண்டுமெனில், பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே அதை முடித்து, வாடை போகும்வரை சன்னல்களைத் திறந்து வையுங்கள். நீங்கள் தூரிகையைத் தொட வேண்டாம்.

உண்மையில் இப்போது தயாராக வேண்டியது நீங்கள் உட்கார்ந்து பால் கொடுக்கப்போகும் இடம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரவென்றும் பகலென்றும் அதற்குத் தெரியாது. இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். முதுகுக்குச் சாய்மானம் உள்ள இடத்தில் அமர்ந்து, இடது கையில் ஒரு தலையணையைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு, வலது கையால் மட்டும் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து குடித்துப் பாருங்கள். மூடியைத் திருக இரண்டு கைகள் வேண்டியிருந்தால் வேறு பாட்டில் வாங்குங்கள். துடைக்கும் துணி, கைப்பேசி, மங்கலான விளக்கின் சுவிட்ச் ஆகியவையும் அந்த ஒரு கைக்கு எட்ட வேண்டும். எட்டாதவற்றை உங்கள் கணவர் இடம் மாற்றட்டும். அவருடைய பரபரப்புக்கும் நல்ல வேலை கிடைக்கும்.

டயப்பர் மாற்றத் தரையில் விரிப்பு விரித்துக்கொண்டால் குழந்தை விழும் அபாயம் இல்லை. ஆனால் சிசேரியன் நடந்தால் தரையில் அமர்ந்து எழுவது சில வாரங்களுக்கு வலி தரும் என்பதால், இடுப்பளவு உயரத்திலும் ஓர் இடம் தயாராக இருக்கட்டும். அங்கே மாற்றும்போது குழந்தையின் மீதிருந்து ஒரு கையை எடுக்கவே கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். சுகப்பிரசவத்தையே எதிர்பார்த்திருந்தாலும், கீழ்த்தட்டில் உள்ள கனமான பாத்திரங்களை மேடைக்கு ஏற்றிவிடுங்கள்.

மேசை முனைகளுக்கான உறை, பிளக் மூடி, படிக்கட்டுத் தடுப்பு ஆகியவற்றுக்கு அவசரமில்லை. குழந்தை தவழத் தொடங்கப் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு மேலாகும். வீட்டுக்குள் யாராவது புகைபிடித்தால் மட்டும் அது இன்றே நிற்க வேண்டும்.

கடைசியாக, ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, மருத்துவரின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்று மாதங்கள் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், இரவு எத்தனை மணியானாலும் விடியட்டும் என்று காத்திராமல் அந்த எண்ணை அழைக்க வேண்டும்.