சுடுற வண்டிய பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஆர்மியில சிக்னல் பிரிவுல ரேடியோ பாத்தவன் நான். இப்ப மலேசியா, சுங்கை சிப்புட்ல ஆட்டோகேட் ரிப்பேர், அதான் ரிமோட்ட அமுக்குனா தொறக்குற வீட்டு கேட்டு. ரிமோட்ல ஓட்டுற ஆயுத வண்டிங்கள பத்தி ஆளாளுக்கு கேட்டுகிட்டே இருக்கீங்க, இன்னிக்கு ஒரே உக்கார்ல முடிச்சிடுவோம்.

அண்ணே, இது தானா ஆள பாத்து சுடுமா?
நான் பேசுற வண்டி சுடாது தம்பி. தூரத்துல ஒருத்தன் திரைய பாத்துகிட்டு உக்காந்திருப்பான், அவன் அமுக்குனாதான் குண்டு. பயப்படணும்னா சிக்னலுக்கு பயப்படுங்க.

இதெல்லாம் புதுசா வந்ததா?
எங்க புதுசு! 1939-ல ஃபின்லாந்து சண்டையிலயே சோவியத்காரன் ஆளில்லாத டேங்க்க இன்னொரு டேங்க்ல உக்காந்து ரேடியோவுல ஓட்டுனான். ஜெர்மன்காரன் 1942-ல கோலியாத்னு ஒரு குட்டி வண்டி விட்டான், வெடிமருந்த ஏத்தி பின்னால வயர இழுத்துகிட்டு போகும். வயர வெட்டுனா தீந்துச்சு கதை.

ஈராக்குல அமெரிக்கா ரோபோ சொந்த ஆளுங்க பக்கமே துப்பாக்கிய திருப்புச்சாமே?
கதை லா. ஸ்வோர்ட்ஸ்னு பேரு, மெஷின்கன் வச்ச மூணு வண்டி 2007-ல ஈராக்குக்கு போச்சு. வயர் லூசாகி தேவையில்லாம அசைஞ்சது அதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்றப்ப. அத பிடிச்சுகிட்டு ஊரே கண்ணு காது மூக்கு வச்சிடுச்சு.

அங்கிள், தானா சுடுமா?
மேல படிங்க.

நான் தோட்டத்துல டுரோன் வச்சு மருந்து அடிக்கிறவன். ரெண்டு கிலோமீட்டர் போனாலும் சிக்னல் கட்டாவாது, நீங்க சும்மா சிக்னல் சிக்னல்னு பூச்சாண்டி காட்டுறீங்க.
வாங்க, உங்களத்தான் தேடிகிட்டு இருந்தேன். உங்க டுரோன் செம்பனைக்கு மேல பறக்குது, நீங்க செம்மண் ரோட்டுல நிக்கிறீங்க, நடுவுல காத்துதான். தரை வண்டிக்கு ஆண்டெனா உங்க இடுப்பு உயரம் வந்தாலே பெருசு, நடுவுல மரம், மேடு, வீட்டு சுவரு. ரஷ்யாக்காரன் ஊரான்-9னு ஒண்ண சிரியாவுல இறக்குனான், 30 மில்லிமீட்டர் பீரங்கி, ஏவுகணை, எல்லாம் உண்டு. சில கிலோமீட்டர் தூரத்துலேர்ந்து ஓட்டலாம்னு நெனச்சது, வீடுங்களுக்கு நடுவுல 300லேர்ந்து 500 மீட்டர்தான் தாங்குச்சு. பதினேழு தடவ ஒரு நிமிசம் வரைக்கும் சிக்னல் கட்டாச்சு, ரெண்டு தடவ ஒன்றரை மணி நேரம் வரைக்கும்! பீரங்கிய வச்சுகிட்டு நடுரோட்டுல சும்மா நிக்கிற வண்டி எதிரிக்கு யாரோ குடுத்த சீதனம் மாதிரி.

அது ரஷ்யா சாமான், அதான். உக்ரைன்ல ரோபோவே தாக்குதல் நடத்துச்சுல்ல?
ஆமா, 2024 டிசம்பர்ல, கார்கீவ் பக்கம் லிப்ட்சி கிட்ட தரை வண்டியும் டுரோனும் மட்டும் போச்சுன்னு அவங்க படையே சொன்னுச்சு. ஆனா மேல டுரோன் பறந்துச்சு பாருங்க, அங்கதான் விசயமே. கண்ணு மேல இருந்தாதான் காலு கீழ நடக்கும். சிக்னல ஜாம் பண்றாங்கன்னு இப்ப அங்க ஃபைபர் வயர இழுத்துகிட்டு ஓடுற சாமானும் வந்தாச்சு, திரும்ப கோலியாத் கதைதான்!

ரிமோட் கார்ல ஏர்கன் வைக்கலாமா?
வேணாம். போலீஸ் வந்தா என் பேர சொல்லாத.

எங்க தாத்தா அவசரகாலத்துல, அதான் மலாயாவுல வெள்ளைக்காரன் ஆட்சியில கம்யூனிஸ்ட்டுங்களோட சண்ட நடந்தப்ப, இங்க தோட்டத்துல இருந்தாரு. அப்ப இந்த வண்டி இருந்திருந்தா?
1948 ஜூன் 16, நம்ம ஊரு தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டதுலதான் அது ஆரம்பிச்சது. சுட்டவங்க இருந்தது காட்டுல மா. அந்த சகதியில, மூங்கில்ல, இந்த வண்டி நூறு அடி தாண்டாது. தாத்தா காலுதான் அங்க போகும்.

தானா சுட
டேய்.

டுரோன்காரன் மறுபடி. நான் ஒத்துக்க மாட்டேன், என் டுரோன் ரிமோட்டோட ரேடியோ அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ், நல்லாவே போவும்.
ஈர இலைய கண்டா அது படுத்துரும். சரி, ஞாயித்துக்கிழம பசியாறிட்டு உங்க பிளாக்குக்கு வாரேன். டுரோன பறக்க விடாம தரையில வைங்க, ரிமோட்ட எடுத்துகிட்டு செம்பனைக்குள்ள நடங்க, வீடியோ எத்தனாவது மரத்துல உடையுதுன்னு எண்ணுவோம். தோத்தவன் தேத்தண்ணி வாங்கணும்.

மழ பேஞ்சா?
பேஞ்சாதான் வரணும்.