மணியடிக்கும் கல்லா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செங்கோட்டையிலிருந்து களியக்காவிளை வரை, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வரை, தமிழக-கேரள எல்லை ஊர் வாசகர்களின் கடிதங்களில் பாதி இந்த முறை ஒரே பொருளைப் பற்றியவை: பொத்தானை அழுத்தினால் மணியடித்து டிராயரைத் தள்ளிவிடும் பழைய கல்லாப்பெட்டி. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டோம்.

பரணிலிருந்து இறக்கிய பித்தளைக் கல்லாவில் ஒரு பொத்தானும் இறங்க மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடச் சொல்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். செய்யலாமா?
வாசகர், செங்கோட்டை

ஊற்றாதீர்கள். முதலில் டிராயரைப் பாருங்கள். இந்த வகைக் கல்லாவில் டிராயர் திறந்திருக்கும்வரை பொத்தான்கள் பூட்டிக்கொள்ளும். அது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான்: ஒரு விற்பனைக்குத் திறந்த டிராயரை மூடாமல் அடுத்ததைப் பதியக் கூடாது. பார்வைக்கு மூடியதுபோல இருந்தாலும், கொக்கி விழாமல் கால் அங்குலம் வெளியே நின்றால் போதும், அத்தனை பொத்தானும் அசையாது. டிராயரை முழுக்க உருவி எடுத்து, உள்ளே டார்ச் அடியுங்கள். கசங்கிய ரசீது, உருண்டு போன காசு, எலி இழுத்துவந்த தேங்காய் நார், எது வேண்டுமானாலும் பின்சுவரில் கிடக்கலாம்.

அது சரியென்றால் பூட்டு. கடையை அடைக்கும்போது இயந்திரத்தையும் பூட்டிவிட்டு, சாவியை எங்கோ வைத்து மறந்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு வரிசையாகப் பாருங்கள். ஒரு வரிசையில் ஒரு பொத்தான்தான் இறங்கும். இரண்டு பாதி பாதி இறங்கி ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு நின்றால் இரண்டையும் நகத்தால் மேலே தூக்கிவிட்டாலே போதும்.

பக்கவாட்டில் கைப்பிடி உள்ள இயந்திரமாக இருந்தால் இன்னொரு சங்கதி. கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றிருந்தால் அது பின்னோக்கித் திரும்பவே திரும்பாது. தொடங்கிய விற்பனையைப் பாதியில் அழிக்க முடியாதபடி பல்சக்கரத்தில் ஒரு நாக்கு வைத்திருக்கிறார்கள். முன்னோக்கித்தான் முடிக்க வேண்டும், அதுவும் மெதுவாக. பலத்தைக் காட்டினால் நாக்கு முறியும். அதற்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் தொங்காது, லேத்துப் பட்டறையில் புதிதாக வெட்டித்தான் போட வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இறுகியிருந்தால் காரணம் பழைய எண்ணெய். பல வருடம் காற்றுப்பட்ட எண்ணெய் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். நம் பக்கத்தில் பெரும்பாலும் தேங்காயெண்ணெய்தான் விட்டிருப்பார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். சாரல் காலத்துக் காலையில் கல்லா மக்கர் பண்ணி, மத்தியானம் தானாகச் சரியாவது இதனால்தான். நாளாக ஆகச் சிக்குப் பிடித்து மத்தியானமும் ஓடாது.

பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் கால் லிட்டர் வாங்குங்கள். மண்ணெண்ணெய் மெதுவாகக் காயும், பிசுக்கையும் விட்டுவைக்கும், அதில் தூசி ஒட்டும். வெளி உறையின் திருகுகளைக் கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கத் திருகும் ஒரே நீளமாக இருக்காது. பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷை டர்பன்டைனில் நனைத்து, அச்சுகளையும் லிவர்களின் கீல்களையும் மட்டும் தேயுங்கள். எண் சக்கரங்களில் படக் கூடாது, எழுத்து கரையும். பொத்தான்களின் வெள்ளை முகப்பு பல இயந்திரங்களில் செல்லுலாய்ட். தின்னர் பட்டால் உருகும், நெருப்புப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வேலை நடக்கும் இடத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு கீலுக்கும் ஒரு துளி. எண் சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெயே கூடாது; அவை உலர்ந்து ஓட வேண்டியவை. இந்த இயந்திரங்களில் பாதி, எண்ணெய் இல்லாமல் கெட்டவை அல்ல, எண்ணெய் விட்டே கெட்டவை.

பழைய சாமான் வியாபாரியிடம் மூன்று கல்லா இருக்கிறது. எதை வாங்கினால் இன்றைய ரூபாய்க்கு ஓட்டலாம்?
வாசகர், கொழிஞ்சாம்பாறை

பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், பொத்தான்களை எண்ணுங்கள். வலது ஓரத்து வரிசைகளில் 1 முதல் 9 வரை மட்டும் இருந்தால் அது தசம இயந்திரம். 1 முதல் 11 வரையும், அதையடுத்து 1 முதல் 19 வரையும் இருந்தால் பென்ஸ், ஷில்லிங். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் உள்ளே பற்கள் வெட்டியிருக்கும். 1 முதல் 15 வரை போனால் அணா. நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 அன்றுதான் தசமக் காசு வந்தது. அதற்கு முன் 16 அணா ஒரு ரூபாய். அணா இயந்திரத்தில் 12 ரூபாய் 10 அணாவையும் 7 ரூபாய் 9 அணாவையும் அடித்தால் 20 ரூபாய் 3 அணா என்று சரியாகச் சொல்லும். ஆனால் இன்றைய பைசாவை அதில் அடித்தால் கூட்டல் தப்பும். பைசாவே புழங்காத கடையென்றால் ரூபாய் வரிசையை மட்டும் அடித்து ஓட்டலாம்.

தசம இயந்திரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சின்ன மாதிரிகளில் உச்சவரம்பு 9.99 அல்லது 99.99. ஒரு பலசரக்கு பில்லே 640 ரூபாய் ஆகும் காலத்தில் இது எதற்கு என்று தோன்றும். வழி இருக்கிறது: பைசா வரிசைகளையே ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள். 640 ரூபாய்க்கு 6.40 என்று அடித்தால் மேலே எழும்பும் தகடு 6.40 காட்டும், புள்ளியை மட்டும் மறந்துவிட வேண்டும். 99.99 வரை உள்ள இயந்திரம் 9,999 ரூபாய் வரை தாங்கும். வாங்குமுன் கடைசி வரிசையில் ஒன்பது பொத்தானும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலவற்றில் ஐந்தின் மடங்கு மட்டுமே இருக்கும்.

உள்ளே கூட்டும் விதமும் இரண்டு. ஒருவகையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி எண்ணி (எண்ணிக்கை காட்டும் சக்கரம்). இரவில் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். மற்றதில் ஒரே மொத்த எண்ணி. கடையில் ஓட்டுவதற்கென்றால் இரண்டாவதுதான். முதல் வகையைக் காட்சிக்கு வைக்கலாம்.

பித்தளை கருத்துவிட்டது. குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
வாசகி, களியக்காவிளை

குத்துவிளக்குக்கு உள்ளே பல்சக்கரம் இல்லை. புளித்தண்ணீர் இடுக்கில் இறங்கினால் எஃகுப் பாகங்கள் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். டிராயருக்கு மேலே வெள்ளைக் கல் பலகை ஒன்று இருக்கிறதல்லவா, அது சலவைக்கல். புளியின் அமிலம் பட்டால் பளபளப்பு போய் வெளிறிவிடும், பிறகு எதைத் தேய்த்தாலும் எளிதில் திரும்பாது. (வெள்ளிக் காசைச் சுண்டிப் போட்டு ஓசை கேட்டு நல்லதா கள்ளக்காசா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கல்.) உறையைத் தனியே கழற்றி, முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். சில உறைகள் பித்தளையே அல்ல, மேலே நிக்கல் முலாம். பொடி போட்டுத் தேய்த்தால் முலாம் உரிந்து திட்டுத் திட்டாகும். பின்பக்கத்தில் மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு முன்பக்கம் வாருங்கள்.

டீக்கடையும் கேரள லாட்டரியும் ஒரே மேசையில். இரவு கணக்கு ஒருநாளும் ஒட்டுவதில்லை. மெஷின் கல்லா வைத்தால் சரியாகுமா?
வாசகர், வேலந்தாவளம்

மெஷின் பொய் சொல்லாது, ஆனால் நீங்கள் அடிக்காததை அதுவாகச் சொல்லாது. பழைய கல்லாக்களில் இடது ஓரத்தில் ஏ, பி, டி என்று எழுத்துப் பொத்தான்கள் இருக்கும்; எந்தச் சிப்பந்தி விற்றார் என்று குறிக்க வைத்தவை. ஏ என்றால் டீ, பி என்றால் லாட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துவாரியாகத் தனி எண்ணி இருந்தால் இரவில் இரண்டு தொகையும் தனித்தனியே வரும். இல்லாவிட்டாலும் காகிதச் சுருளில் எழுத்தோடு பதிவாகும்.

கூடவே நான்கு பொத்தான்கள் இருக்கலாம்: கடன், வரவு, பற்று, விற்பனையில்லை. கடன் பொத்தானை ஜிபேக்கு ஒதுக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றுதான்: சரக்கு போய்விட்டது, ரொக்கம் டிராயருக்கு வரவில்லை. பால்காரருக்குக் கொடுத்தால் பற்று. சில்லறை மாற்றத் திறந்தால் விற்பனையில்லை. ஒரு நாளில் இது அடிக்கடி அடித்திருந்தால் ஏனென்று கேளுங்கள்.

கணக்கு இப்படி. காலையில் எண்ணி 48,215 காட்டியது, இரவில் 53,940. வித்தியாசம் 5,725. காலையில் டிராயரில் சில்லறைக்கு வைத்தது 1,500. பாலுக்குக் கொடுத்தது 640. கடன் தொகை இந்த எண்ணியில் ஏறாத இயந்திரமென்றால் டிராயரில் 6,585 இருக்க வேண்டும். ஏறுகிற இயந்திரமென்றால் ஜிபேயில் வந்ததையும் கழிக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, கடனில் 1 ரூபாய் அடித்து எண்ணி நகர்கிறதா பாருங்கள். எண்ணியைத் தினமும் பூஜ்யத்துக்குத் திருப்பாதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணில் யாரும் கைவைக்க முடியாது. திருப்பும் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

அந்த மெஷின் தரும் ரசீதே பில்லாகச் செல்லுமா?
வாசகர், கோபாலபுரம்

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்குச் செல்லாது; பதிவு எண், வரி விகிதம் எதுவும் அதில் வராது. ஆனால் 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குபவர் பதிவில்லாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால் தனித்தனி பில் வேண்டியதில்லை, நாள் முடிவில் மொத்தமாக ஒன்று போடலாம். அதற்குக் கல்லாவின் சுருள் நல்ல ஆதாரம். சுருளுக்குச் சாதாரணத் தாள் வாங்குங்கள். இப்போதைய பில் மெஷினுக்கான தெர்மல் தாள் சூட்டில் கறுத்துப்போகும். பழைய உருளையின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். ரிப்பன் உள்ளதென்றால் 13 மில்லிமீட்டர் டைப்ரைட்டர் ரிப்பன் பெரும்பாலும் பொருந்தும்.

கடை மேசை டிராயருக்கு அடியில் ஐந்து இரும்பு விரல்கள் இருக்கின்றன. எதை இழுத்தாலும் மணியடிக்கிறது, திறப்பதில்லை.
வாசகர், புனலூர்

அது மணிப்பூட்டு. ஐந்தில் சிலதை ஒருசேர இழுத்துக்கொண்டே டிராயரை இழுத்தால் திறக்கும். சேர்க்கை தவறினால் மணி. உடைக்க வேண்டாம். ஐந்து விரலுக்கு மொத்தம் 31 சேர்க்கைதான். ஒரு தாளில் 1, 2, 3, 4, 5, பிறகு 12, 13 என்று எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கால் மணி நேரத்தில் திறந்துவிடும். மணிச் சத்தம் பொறுக்கவில்லையென்றால் அடியில் கைவிட்டு மணிக்குள் துணி செருகுங்கள். திறந்ததும் டிராயரின் பின்புறம் பாருங்கள்: ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சிறு கொக்கி திருப்பும்படி இருக்கும், புதுச் சேர்க்கையை அங்கேதான் அமைக்க வேண்டும். மூன்று விரலாக வைப்பது நல்லது. ஒரு விரல் வைத்தால் கடைக்கு வருகிற பையனே இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவான்.

சாரல் தொடங்கினால் மர டிராயர் சிக்குகிறது.
வாசகி, ஆரியங்காவு

இழைப்புளி போடாதீர்கள், பங்குனியில் ஆடும். ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

வீட்டில் பழைய கல்லாவோடு ஒரு மரப்பலகை கிடைத்தது. முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். எதற்கு?
வாசகர், புளியறை

பத்திரமாக வையுங்கள். அது காசு எண்ணும் பலகை. 1956 வரை செங்கோட்டைப் பக்கம் திருவிதாங்கூரோடுதானே இருந்தது. அங்கே புழங்கிய சக்கரம், பணம் என்ற வெள்ளி நாணயங்கள் கையில் நிற்காத அளவு சிறியவை. பலகையில் அள்ளிக் கொட்டி லேசாக ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. எல்லையில் கடை வைத்திருந்தவர் இரண்டு கணக்கும் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. குழிகளின் எண்ணிக்கையை எண்ணி எழுதுங்கள்.

மணியடிக்கும் கல்லாவைக் கண்டுபிடித்தவர் யார்?
வாசகர், குமுளி

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி. 1879இல் காப்புரிமை பெற்றார். சிப்பந்திகள் கல்லாவில் கைவைப்பதுதான் அவருக்குத் தலைவலி. கப்பலின் சுழலி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பார்கள். 1884இல் ஜான் பேட்டர்சன் இந்தத் தொழிலை வாங்கி நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்று நடத்தினார். மின்மோட்டார் 1906இல் சார்லஸ் கெட்டரிங் சேர்த்தது.

டிராயருக்குள் புது அறைகள் செய்ய ஆசாரியிடம் என்ன அளவு சொல்வது? ஊர் மாற்றிக் கொண்டுபோகவும் வேண்டும்.
வாசகர், மார்த்தாண்டம்

இப்போது அச்சாகும் நோட்டுகளில் நீளமானது 500: 150க்கு 66 மில்லிமீட்டர். 100 ரூபாய் 142, 10 ரூபாய் 123 நீளம். எல்லா நோட்டு அறையையும் 160க்கு 75 என்று ஒரே அளவில் வையுங்கள். விரல் நுழைய இடம் வேண்டும். காசுக்குச் சதுர அறை வேண்டாம், மூலையில் காசு சிக்கும். பழைய மர டிராயர்களில் இருப்பதுபோல அடி குழிந்த கிண்ணமாகக் குடையச் சொல்லுங்கள், ஒரே வழிப்பில் காசு கைக்கு வரும். 10, 20 ரூபாய்க் காசுகள் இரண்டும் 27 மில்லிமீட்டர், அருகருகே வைத்தால் அவசரத்தில் மாறும். நடுவில் 5 ரூபாய்க் கிண்ணம் இருக்கட்டும்.

தூக்கும்போது டிராயரை முதலில் உருவி விடுங்கள், கைப்பிடியையும் கழற்றுங்கள். பெரிய பித்தளை இயந்திரம் 50, 60 கிலோ இருக்கும். சலவைக்கல்லையோ உச்சியில் உள்ள பெயர்த்தகட்டையோ பிடித்துத் தூக்கினால் அது மட்டும்தான் கையோடு வரும். அடியில் இரண்டு பேர் கைகொடுத்து, ஜீப்பில் நிமிர்ந்தபடியே வைத்து, சுற்றிலும் சாக்கு செருகிக் கட்டுங்கள். படுக்க வைத்தால் எண் தகடுகள் நழுவி ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்.